சிறுபடங்களும் பெரும்படமும்

நம் நாட்டில் நிலம் அளந்தோர் ஒவ்வொரு புலத்திற்கும் ஒரு தாளில் படம் வரைந்து வைத்திருக்கின்றனர். புலப்படம் என்று அதற்குப் பெயர். ஒரு தாளில் ஒரு புலந்தான் இருக்கும். ஊர் முழுவதையும் ஒரே பார்வையில் காண வேண்டுமாயின், அத்தாள்களை எல்லைக் கற்கள் பொருந்துமாறு அடுத்தடுத்து வைத்து ஒரு பெருந்தாளில் படியெடுக்க வேண்டும். அவ்வாறு எடுத்ததே கிராமப்படம். இதே வேலையைக் கணிப்பொறி ஒரு நொடியின் சிறு பகுதியில் செய்து முடிக்கிறது. எப்படிச் செய்கிறது, எங்கே தவறுகிறது என்பதை, நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரையில், மன்றத்து நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்னை இதில் இறக்கிவிட்டது பெரார்கஞ்ச். நண்பர் பலருக்கு அப்பெயர் புதிதாக இருக்கும். தெற்கு அந்தமானில், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேருக்கு வடமேற்கே, அந்தமான் பெருஞ்சாலை கடந்து செல்லும் சிற்றூர் அது. வட்டத்தின் தலைமையிடமும் அதுவே. 1923 முதல் 1931 வரை தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த பெரார் என்பவரின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. கடைத்தெருவில் இந்தியும் வங்காளமும் தமிழும் கலந்தே ஒலிக்கும். என் தாய்மாமன் வீடு அங்கேதான் இருக்கிறது.

மாமாவுக்கு ஊருக்குத் தெற்கே, ஃபிளாட் பே என்னும் கடற்கழியின் ஓரத்தில், ஒன்றரை ஏக்கர் நெல்வயல் இருந்தது. இருந்தது என்று இறந்த காலத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலம் நடுங்கியபோது, வடக்கே திக்லிபூர்ப் பக்கம் தரை மேலே எழும்பிற்று. தெற்கே போர்ட் பிளேர்ப் பக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிற்று. ஆழிப்பேரலை வந்தது, திரும்பியும் போயிற்று. இறங்கிய தரையோ இறங்கியபடியே நின்றுவிட்டது. சிப்பிகாட்டிலும் அதனைச் சுற்றிலும் இருந்த வயல்களில் அன்று புகுந்த உப்புநீர் நாள்தோறும் ஏற்றத்தில் வந்து போகிறது. நான் பிறந்தது அதற்குப் பின். மாமாவின் வயலை நான் வயலாகப் பார்த்ததே இல்லை.

இறுதியாண்டுப் பயிற்சிக்காக நான் எடுத்துக்கொண்ட வேலை இதுதான்: பெரார்கஞ்சையும் அதன் தெற்கே உள்ள கழியையும் திரையில் மேடு பள்ளங்களோடு எழுப்பி, அதன்மேல் செயற்கைக்கோள் படத்தைப் போர்த்துவது. மேட்டின் உயரம் 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்தது. எவரும் இலவசமாகப் பெறலாம். போர்த்தும் படம் ஐரோப்பியரின் சென்டினல்-2 கோள்கள் எடுப்பது. அதில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதுவும் இலவசமே.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பரப்பின்மேல் போர்த்தும் படத்தை டெக்ஸ்சர் என்பர். நான் பரப்புப்படம் என்று எழுதுகிறேன். ஷேடரை மட்டும் ஷேடர் என்றே விட்டுவிட்டேன். நிழலும் ஒளியும் கணக்கிடப் பிறந்த சொல் அது. இன்று நிழலோடு அதற்குள்ள உறவு குறைவு. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே ஓடி, ‘இப்புள்ளிக்கு இந்நிறம்’ என்று விடை சொல்லும் ஒரு சிறு நிரலே ஷேடர். நிழலி, நிறந்தீட்டி என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். என் அறை நண்பர் சிரித்துவிட்டார்.

பரப்புப்படம் போர்த்தும் முறையை எட்வின் கேட்மல் 1974-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டில் வகுத்தார். அதன் பின்னர் நெடுங்காலம் வரைகலைச் செயலிகள் வகுத்த வழியில் மட்டுமே வரைந்தன. நாமே நிரல் எழுதி ஓட்டக்கூடிய செயலிகள் 2001-இல்தான் கடைக்கு வந்தன. ஓப்பன் ஜி.எல். என்னும் பொதுநெறியில் ஷேடர் மொழி 2004-இல் இடம்பெற்றது. திரைக்குப் பதிலாக ஒரு பரப்புப்படத்தின்மேலேயே வரையும் வசதியான ஃபிரேம்பஃபர் 2005-இல் அந்நெறியோடு இணைப்பாக வந்து சேர்ந்தது. இக்கட்டுரைக்கு வேண்டியவை இந்த இரண்டுதாம்.

வலை நிலப்படங்கள் உலகத்தைச் சதுர ஓடுகளாக வெட்டி வைத்திருக்கும். ஓர் ஓடு 256 புள்ளி அகலம், 256 புள்ளி உயரம். பூச்சியமாம் நிலையில் உலகம் முழுவதும் ஒரே ஓடு. ஒவ்வொரு நிலை ஏறும்போதும் ஓர் ஓடு நான்காகப் பிரியும். பத்தாம் நிலையில் மேற்கிலிருந்து 775, வடக்கிலிருந்து 478 என்னும் எண்ணுள்ள ஓட்டில் பெரார்கஞ்ச் விழுகிறது. பதினான்காம் நிலைக்குப் போனால் ஒரு புள்ளி நம் தீவின் அகலாங்கில் சற்றேறக்குறைய 9.4 மீட்டர், ஓர் ஓடு 2.4 கிலோமீட்டர். சென்டினலின் 10 மீட்டருக்கு இந்நிலை பொருத்தமாக இருந்தது. குறுக்கே 8, நெடுக்கே 8 என 64 ஓடுகள் எடுத்தால் பக்கத்துக்கு 19 கிலோமீட்டர். பெரார்கஞ்சும் ஃபிளாட் பேயும் சிப்பிகாட்டும் அதற்குள் அடங்கிவிடும்.

முதலில் நான் பெரும்படம் எதையும் செய்யவில்லை. எதற்கு வீண்வேலை என்று 64 ஓடுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, மலையின்மேல் வரையும்போதே வேண்டிய ஓட்டிலிருந்து நிறம் எடுத்தேன். அங்கே முதற்சிக்கல் வந்தது. ஒரு ஷேடர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய தனிப் பரப்புப்படங்களுக்கு வரம்பு உண்டு. வெப்.ஜி.எல். இரண்டாம் பதிப்பு உறுதியளிப்பது 16 மட்டுமே. 64-ஐ 16-க்குள் அடைப்பது எவ்வாறு? பரப்புப்பட அடுக்கு என்று ஒன்று உண்டு. ஒரே அளவுள்ள படங்களைப் புத்தகத்தின் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழுப் புத்தகத்தையும் ஒரே படமாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஓடுகள் எல்லாம் ஒரே அளவாதலால் இம்முறை நன்கு பொருந்திற்று. அதில் 256 தாள்கள் வரை உறுதி உண்டு.

தாளைக் கண்டுபிடிக்கும் கணக்கு சிறுவர்க்கும் விளங்கும். முழு நிலப்பரப்பின் அகலத்தை 0 முதல் 1 வரை என்று கொள்வோம். உயரத்தையும் அவ்வாறே கொள்வோம். ஷேடருக்கு ஒரு புள்ளி வருகிறது: குறுக்கே 0.40, நெடுக்கே 0.70. இரண்டையும் 8-ஆல் பெருக்கினால் 3.2, 5.6. முழுவெண்கள் 3, 5: அதாவது ஐந்தாம் வரிசையில் மூன்றாம் ஓடு, எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. தாளின் எண் 5 × 8 + 3 = 43. எஞ்சிய பின்னங்கள் 0.2, 0.6: அவ்வோட்டுக்குள் எடுக்க வேண்டிய இடம். அவ்வளவே. பெருக்கு, முழுவெண்ணைப் பிரி, பின்னத்தைக் கொண்டு நிறம் எடு. 64 ஓடுகளின் வேலையும் மூன்றே வரிகளில் அடங்கிவிட்டது.

நிலம் எழுந்தது. காடு பச்சையாயிற்று. ஆனால் ஓட்டுக்கு ஓடு நடுவே மெல்லிய நூல் போன்ற கோடுகள்! நெருங்கிப் பார்த்தால் மறைந்தன. விலகிப் பார்த்தால் வலை வீசினாற்போல் தீவு முழுவதும் படர்ந்தன. இரண்டு நாள் எனக்கு உறக்கமில்லை. பின்னர்க் கண்ட காரணங்கள் இரண்டு.

ஒன்று, கலந்தெடுத்தல். கேட்கும் இடம் படத்துப் புள்ளி ஒன்றின் நடுவில் சரியாக விழாதபோது, செயலி அருகிலுள்ள நான்கு புள்ளிகளைக் கலந்து விடை சொல்லும். ஓட்டின் விளிம்பில் அருகிலுள்ள புள்ளிக்கு எங்கே போவது? அடுத்த ஓடு வேறு தாள். அது செயலிக்குத் தெரியாது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் படம் திரும்பத் திரும்ப வருவதாகக் கொண்டு, அதே ஓட்டின் எதிர்விளிம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஓட்டின் கிழக்கு விளிம்பில் உள்ள கடல், மேற்கு விளிம்பில் உள்ள காட்டில் ஒரு நூலாகக் கசிந்தது இதனாலேயே. விளிம்போடு நில் என்று கட்டளையிட்டால் கசிவு நிற்கும்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. தொலைவில் உள்ள பரப்புக்குச் செயலி பெரிய படத்தைப் பயன்படுத்தாது; பாதி, கால், அரைக்கால் என்று முன்னமே சுருக்கி வைத்த படிகளில் ஒன்றை எடுக்கும். மிப்மேப் என்பர். எந்தப் படி வேண்டும் என்பதை எவ்வாறு முடிவு செய்கிறது? அடுத்தடுத்த திரைப்புள்ளிகள் கேட்கும் இடங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்க்கும். விலகல் மிகுந்தால் சிறிய படி. ஓட்டின் எல்லையில் என்ன நேர்கிறது? ஒரு புள்ளி 0.99-ஐக் கேட்கிறது, அடுத்த புள்ளி புதிய ஓட்டின் 0.01-ஐக் கேட்கிறது. நிலத்தில் இரண்டும் அண்டைவீடு. செயலியின் கண்ணுக்கோ படத்தின் இக்கரையும் அக்கரையும். மிகவும் தொலைவு என்று எண்ணி, ஓடு முழுவதும் ஒரே புள்ளியாகச் சுருங்கிய கடைசிப்படியை எடுத்துவிடுகிறது. அந்தச் சராசரி நிறந்தான் நான் கண்ட நூல். விலகலை நாமே கணக்கிட்டுக் கொடுத்து இதனைத் திருத்தலாம். திருத்தினேன்; பெரும்பாலும் மறைந்தது. ஆனால் விளிம்பில் நின்றுவிட்ட புள்ளிக்கு அண்டை ஓட்டின் நிறம் தெரியாத குறை தீரவே இல்லை.

அப்போதுதான் புலப்படத்தைப் பெருந்தாளில் படியெடுத்தவரின் அறிவு விளங்கிற்று. ஓடுகளை ஓடுகளாகவே வைத்திருக்கும் வரை அவை அண்டை அறியா. ஒரே பெரும்படத்தில் ஒருமுறை ஒட்டிவிட்டால், அதன்பின் கலப்பதும் சுருக்குவதும் அப்பெரும்படத்தின்மேல் நடக்கும். எல்லை என்ற பேச்சே எழாது. 8 × 256 என்றால் 2048. நான்கு நிறக்கூறுக்கும் ஒவ்வொரு பைட்டு என்று கொண்டால் 16 மெகாபைட்டு. இன்றைய கைப்பேசியும் தாங்கும்.

ஒட்டும் முறை இது. 2048-க்கு 2048 அளவில் வெறும் பரப்புப்படம் ஒன்று ஒதுக்குக. அதனை ஃபிரேம்பஃபரில் கோத்துவிட்டால், வரைவதெல்லாம் திரையில் விழாமல் அதன்மேல் விழும். பரப்பு முழுவதையும் மூடும் ஒரு சதுரத்தை வரைக. ஷேடர் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே சொன்ன 8-இன் கணக்கைச் செய்து, அடுக்கிலிருந்து நிறத்தை எடுத்து வைக்கும். ஓட்டுப்புள்ளிக்குப் பெரும்படப் புள்ளி ஒன்றுக்கு ஒன்று என்பதால், கேட்கும் இடம் ஒவ்வொரு முறையும் புள்ளியின் நட்டநடுவிலேயே விழும். கலப்பு இல்லை, கசிவும் இல்லை. ஒட்டி முடித்த பிறகு மிப்மேப் படிகளைச் செய்துகொள்க. ஓடுகளின் அளவு ஒன்றாக இல்லாதவர்கள் அடுக்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு சிறுபடத்தையும் ஒவ்வொரு சதுரமாக அதனதன் இடத்தில் வரையலாம். 64 முறை வரைய வேண்டும், விளைவு ஒன்றே.

நான் இடறிய கற்களையும் சொல்லிவிடுகிறேன். பெரும்படத்தின் அளவுக்கு வரையும் சட்டத்தை மாற்ற மறந்தேன். அது திரையின் அளவிலேயே நின்றது. தீவின் ஒரு பகுதி மூலையில் வந்து, மற்றப் பரப்பெல்லாம் கறுப்பாகக் கிடந்தது. அடுத்து, தலைகீழ். நிலப்பட ஓடுகள் வடக்கிலிருந்து தெற்காக எண்ணப்படுபவை. பரப்புப்படமோ கீழிருந்து மேலாக எண்ணுவது. இதில் இரண்டு தவறுகள் ஒளிந்திருக்கின்றன: ஒவ்வோர் ஓடும் தலைகீழாவது ஒன்று, ஓடுகளின் வரிசை தலைகீழாவது மற்றொன்று. நான் இரண்டாவதை மட்டும் திருத்தினேன். ஸ்ரீ விஜயபுரம் தன் இடத்திற்கு வந்தது. அதன் தெருக்கள் கவிழ்ந்தே இருந்தன. மூன்றாவது, பெரும்படத்தைப் படித்துக்கொண்டே அதன்மேல் எழுத முயன்றது. விளைவு என்னவாகும் என்பதற்கு உறுதியே இல்லை என்று நெறி சொல்கிறது. என் மடிக்கணினியில் சரியாக வந்தது. ஆய்வகக் கணினியில் மணல் தூவினாற்போல் வந்தது. இரண்டு பெரும்படம் வைத்துக்கொண்டு, ஒன்றைப் படித்து மற்றொன்றில் எழுதி, மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே வழி.

இவ்வளவும் கைப்பழக்கம். உண்மையான இடர் இனிமேல்தான் வந்தது.

அந்தமானில் ஆண்டின் பெரும்பகுதி மழைக்காலம். மே முதல் டிசம்பர் வரை வானம் தெளிவது அரிது. தெளிந்த நாளிலும் மலைகளின்மேல் மேகத்துண்டுகள் நிற்கும். ஒரே நாளில் எடுத்த படத்தில் 64 ஓடும் மேகமின்றிக் கிடைக்கவில்லை. எனவே மூன்று நாள் படங்களை எடுத்தேன். 64 × 3 = 192 தாள்கள்; 256-க்குள் அடங்கின. முதல்நாள் படத்தில் மேகம் உள்ள இடங்களைக் குறிக்கும் மறைப்புப் படம் ஒன்றும் சேர்த்தேன். மேகம் இல்லையேல் முதல்நாள். இருந்தால் இரண்டாம் நாள். அங்கும் மேகம் இருந்தால் மூன்றாம் நாள். ஷேடரில் இரண்டு நிபந்தனைகள், அவ்வளவே.

ஆனால் நாளுக்கு நாள் வெயிலின் நிறம் வேறு. மேகம் இருந்த இடமெல்லாம் ஒட்டுப்போட்ட போர்வையாகத் தெரிந்தது. அதனை மறைக்க ஒரு தந்திரம் செய்தேன். மறைப்பின் விளிம்பை 20 புள்ளி அகலத்துக்கு மெழுகி, ஒருநாள் நிறத்திலிருந்து மறுநாள் நிறத்துக்குச் சிறிது சிறிதாக மாறுமாறு இரண்டையும் விகிதத்தில் கலந்தேன். என்ன அழகு! தையலே தெரியவில்லை. ஆய்வகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பெருமிதத்தோடு விடுமுறையில் பெரார்கஞ்ச் போனபோது மடிக்கணினியை மாமா முன் விரித்தேன்.

மாமா சாலையைப் பார்த்தார், கடைத்தெருவைப் பார்த்தார். பிறகு விரலால் கழியோரமாகத் தேடிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“மாப்பிள்ளை, இது என்னிக்கு எடுத்த படம்?”

“ஒரே நாள் இல்லை மாமா. மூணு நாள் படத்தைச் சேர்த்திருக்கேன்.”

“அதைக் கேக்கலை. இந்த இடம், நம்ம வயல், இது எந்த நாள்?”

நான் விழித்தேன். அந்த இடம் மெழுகிய விளிம்புக்குள் இருந்தது. ஒன்றரை ஏக்கர் என்பது ஏறத்தாழ 6,000 சதுரமீட்டர்; படத்தில் 60 புள்ளிக்குச் சற்று மேல்; பக்கத்துக்கு 8 புள்ளி என்று கொள்ளலாம். நான் மெழுகிய அகலமோ 20 புள்ளி. வயல் முழுவதும் அந்த மெழுக்குக்குள் மூழ்கிப் போயிருந்தது.

“ஏத்தத்துல இங்க தண்ணி நிக்கும். வத்தத்துல சேறு தெரியும். இந்த நிறத்துல நான் இதைப் பார்த்ததே இல்லையே” என்றார் மாமா.

அவர் சொன்னது சரியே. கோள் நம் தலைமேல் கடப்பது எப்போதும் உள்ளூர்ச் சூரிய நேரப்படி காலை பத்தரை மணியளவில். ஆனால் கடல் சூரியனை மட்டும் பார்த்து ஏறி வற்றுவதில்லை. சந்திரன் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. ஏற்றமும் அதனோடு பிந்துகிறது. இரண்டு கோள்கள் மாறி மாறி 5 நாளுக்கு ஒருமுறை படம் எடுத்தால், இடையில் ஏற்றம் 250 நிமிடம், அதாவது நான்கு மணி நேரத்துக்கு மேல் நகர்ந்துவிடும். ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடைவெளியே ஆறு மணி சொச்சந்தான். என் முதல்நாள் படத்தில் வயல் நீருக்கடியில் இருந்தது. இரண்டாம் நாள் படத்தில் சேறும் புல்லுமாக வெளியே கிடந்தது. நான் இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து, எந்த நாளிலும் எவரும் காணாத ஒரு வெளிர்பச்சை நிலத்தைப் படைத்திருந்தேன்.

மாமா அதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. வயலின் மேல் வரப்பை ஒட்டி நான்கைந்து தென்னை வைக்கலாமா என்பது அவருக்கு நெடுநாளைய எண்ணம். உயர்ந்த ஏற்றத்திலும் உப்புநீர் அங்கே வரவில்லையானால் வைக்கலாம். அவரால் ஒவ்வோர் ஏற்றத்துக்கும் அங்கே போய் நிற்க முடியாது. என் படத்தில் மேல் வரப்பு பசுமையாக, உலர்ந்ததாக, அழகாக இருந்தது. அவர் மட்டும் அந்த நிறத்தை நம்பியிருந்தால்?

ஊர் திரும்பியதும் மெழுகும் வரியை நீக்கினேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நாளுக்கு உரியதாக இருக்க வேண்டும். எந்த நாள் என்பதையும் அது தன்னோடு வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பெரும்படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் போக நான்காவது கூறு ஒன்று ஒளிபுகும் தன்மைக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிலத்துக்கு ஒளிபுகும் தன்மை எதற்கு? அவ்விடத்தில் நாளின் எண்ணை எழுதினேன்: 1, 2, 3.

உடனே படம் இருண்டு போயிற்று. கலந்து வரையும் வசதியை நான் அணைக்கவில்லை. செயலி நான்காம் கூற்றில் இருந்த எண்ணை 255-இல் ஒரு பங்கு என்று கொண்டு, நிறத்தையும் அவ்வளவாகக் குறைத்துவிட்டது. அணைத்தேன். படம் வந்தது. அடுத்து வேறொரு விந்தை: முதல்நாளும் மூன்றாம் நாளும் சந்திக்கும் எல்லை நெடுகிலும் இரண்டாம் நாள் என்று எண் காட்டிற்று. அங்கே இரண்டாம் நாள் படமே இல்லை! திரையில் காட்டும்போது செயலி வழக்கம்போல் அருகிலுள்ள புள்ளிகளைக் கலந்திருக்கிறது. 1-க்கும் 3-க்கும் சராசரி 2 அல்லவா? நிறத்தைச் சராசரி பார்க்கலாம். தேதியைச் சராசரி பார்க்க முடியுமா?

எனவே தேதிக்குத் தனியே ஒரு பரப்புப்படம் வைத்தேன். அது முழுவெண் வகை; புள்ளிக்கு ஒரே பைட்டு. முழுவெண் பரப்புப்படத்தைக் கலந்தெடுக்கச் செயலிக்கு அனுமதியே இல்லை. அதுவே நமக்குக் காவல். ஒரே ஃபிரேம்பஃபரில் நிறப்படத்தையும் தேதிப்படத்தையும் இரண்டு தட்டுகளாகக் கோத்துவிட்டால், ஷேடர் ஒரே ஓட்டத்தில் இரண்டிலும் எழுதும். வெப்.ஜி.எல். இரண்டாம் பதிப்பில் இவ்வாறு நான்கு தட்டு வரை உறுதி உண்டு. கூடுதல் செலவு 4 மெகாபைட்டு.

இப்போது படத்தில் தையல் நன்றாகவே தெரிகிறது. மேகம் இருந்த இடங்களின் ஓரம் கத்தரித்து ஒட்டினாற்போல் இருக்கிறது. விரல் வைத்த இடத்தின் தேதி மூலையில் எழுத்தில் வருகிறது. ஆய்வகத்தில் ஒருவர், “முன்பு இதைவிட நன்றாக இருந்ததே!” என்றார். இருந்தது. ஒரு விளையாட்டுக்கோ திரைப்படத்துக்கோ நிலம் அமைப்பவராக இருந்தால் நானும் மெழுகியே விட்டிருப்பேன். அங்கே அதுதான் நல்ல வேலை.

அடுத்த விடுமுறையில் மாமாவிடம் மீண்டும் காட்டினேன். மூன்று நாட்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்றில், அமாவாசையை ஒட்டிய ஏற்றம் போலும், மேல் வரப்பின் மேலேயே நீர் பளபளத்தது. ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, “வயலா இருந்தப்போ எடுத்த படம் கிடையாதா, மாப்பிள்ளை?” என்றார்.

இருந்தது. 1999-இல் ஏவிய லாண்ட்சாட் 7 என்னும் அமெரிக்கக் கோளின் படம், 2004-க்கு முந்தையது. ஆனால் அதில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். 900 சதுரமீட்டர் நிலம் ஒரே நிறம். அதனையும் நாலாவது நாளாக அடுக்கில் சேர்த்தேன். அதோடு தாள்கள் சரியாக 256 ஆயின. பெரிதாக்கிக் காட்டும்போது செயலி அதனை மெழுகி வழவழப்பாக்க முன்வந்தது. வேண்டாம் என்று அணைத்துவிட்டேன். கட்டம் கட்டமாக, கோலப்புள்ளி போல நின்றது.

வயல் அதில் ஏழு கட்டம். ஐந்து பச்சை, ஒன்று பழுப்பு, ஒன்று பாதி நீலம் கலந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழுப்புக் கட்டத்தைத் தொட்டு, “இது களத்துமேடு” என்றார். பிறகு அத்தையைக் கூப்பிட்டார்.